சுமப்பதற்கும் ஒரு கூரை

வீட்டிற்குக் கூரை உண்டு. கடைக்கும் களஞ்சியத்திற்கும் கூரை உண்டு. தான் தங்குமிடத்தையும் தன் பொருள் தங்குமிடத்தையும் மழையினின்றும் வெயிலினின்றும் காத்துக் கொள்வது மனிதனின் இயல்பு. ஆனால் பாலத்திற்குக் கூரை எதற்கு? பாலத்தில் எவரும் குடியிருப்பதில்லை. ஒரு கரையில் ஏறி மறு கரையில் இறங்கும் வரைதான் அதற்கும் நமக்கும் உள்ள உறவு. அந்தச் சில கணங்களுக்காகவா ஆற்றுக்குக் குறுக்கே நீண்டதொரு வீட்டையே கட்டி வைத்தார்கள்?

இக்கேள்விக்கு விடை தேடுவோர் செல்லத் தக்க இடம் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம். அதன் மேற்குப் பகுதியில் பார்க் கவுண்டி என்றொரு சிறிய மாவட்டம் உள்ளது. மரத்தால் கட்டி, பக்கங்களைப் பலகையால் அடைத்து, மேலே கூரை வேய்ந்த பாலங்கள் ஒரு காலத்தில் அங்கே ஐம்பதுக்கும் மேல் இருந்தன. அவற்றுள் 31 இன்றும் உள்ளன. உலகக் கூரைப் பாலங்களின் தலைநகர் என்று அம்மக்கள் தம் மாவட்டத்தைப் பெருமையுடன் அழைக்கிறார்கள். பாலங்களை முன்னிட்டு 1957ஆம் ஆண்டில் ஒரு விழாவையும் தொடங்கினார்கள். அக்டோபர் மாதத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை தொடங்கிப் பத்து நாட்கள் நடைபெறும் அவ்விழாவிற்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் திரண்டு வருகிறார்கள்.

நாம் சென்றது விழா முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு. இந்தியானாபொலிஸ் நகரில் பணிபுரியும் நம் தம்பி மகன் காரை ஓட்டினார். நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 60 மைல் சென்றால் ராக்வில் என்னும் மாவட்டத் தலைநகர் வருகிறது. அங்கிருந்து பாலங்களைக் காணச் செல்வதற்கு ஐந்து வழிகளை வகுத்து, சிவப்பு, கறுப்பு, பழுப்பு, நீலம், மஞ்சள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தைப் பெயராக இட்டிருக்கிறார்கள். வழிகாட்டி வேண்டியதில்லை. நிறத்தைப் பின்பற்றிச் சென்றால் போதும். வயல்களுக்கு நடுவே வளைந்தும் தாழ்ந்தும் செல்லும் சாலை, ஆற்றங்கரையில் ஒரு பாலத்தின் வாயிலில் கொண்டு போய் விட்டுவிடும்.

மக்காச்சோளமும் சோயா மொச்சையும் அறுவடையாகிக் கொண்டிருந்த பருவம் அது. அறுத்த வயல்கள் வெளிறிக் கிடந்தன. மேப்பிள் மரங்கள் இலையுதிர்ப்பதற்கு முன் செம்மையும் பொன்மையும் பூண்டிருந்தன. எதிரே வண்டி வருவதே அரிதாயிருந்த அச்சாலையில் மெதுவாகச் செல்வது தவிர நமக்கு வேறு வேலையில்லை.

பாலங்களின் மேல் நமக்கு ஏற்பட்ட பற்றுக்குக் காரணம் மரம். நமது இளமை வாப்பாவின் மரவாடியில் கழிந்தது. தேக்கையும் கோங்கையும் தட்டிப் பார்த்து, எழும் ஓசையைக் கொண்டே உள்ளே பொந்து உண்டா இல்லையா என்று சொல்லக் கூடியவர் அவர். வாடிக்கையாளர்களிடம் அவர் அடிக்கடி கூறுவது ஒன்றுண்டு: "மரத்தைத் தண்ணீருக்குள்ளேயே போட்டு வையுங்கள், கெடாது. நிழலிலே போட்டு வையுங்கள், கெடாது. நனைந்து காய்ந்து, காய்ந்து நனைந்தால்தான் கெட்டுப் போகும்." பள்ளியிறுதி வகுப்பைத் தாண்டாத அவருடைய சொல்லை மரவியல் நூல்கள் வேறு மொழியில் சொல்கின்றன. உலர்ந்த மரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழாக ஈரம் இருக்குமானால், மரத்தைத் தின்னும் காளான் அதில் வேர் கொள்வதில்லை. முழுவதும் நீரில் மூழ்கிக் கிடந்தாலோ, அக்காளானுக்கு வேண்டிய காற்றுக் கிடைப்பதில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலைதான் மரத்திற்குக் கேடு.

வடக்கே செல்லும் வழியில் முதலில் கண்டது வெஸ்ட் யூனியன் பாலம். சுகர் கிரீக் என்னும் ஆற்றின் மேல் 1876ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. நீளம் 315 அடி. இம்மாவட்டத்தில் எஞ்சியுள்ள பாலங்களுள் மிக நீளமானது இதுவே. வண்டிகள் செல்ல இப்போது இதில் இடமில்லை, நடந்து செல்லலாம். தேசிய வரலாற்றுச் சின்னமாக இதை அரசு அறிவித்துள்ளது.

வெளியிலிருந்து காண்போர்க்கு அது ஆற்றின் மேல் தூக்கி வைத்த களஞ்சியம் போன்றே தோன்றும். உள்ளே நுழைந்ததும் ஒளி குறைகிறது, காலடியோசை பெருகுகிறது, பழைய மரத்தின் உலர்ந்த மணம் மூக்கை நிறைக்கிறது. அந்த மணம் நம்மை ஒரு கணம் நிறுத்தி வைத்தது. கண் இருளுக்குப் பழகியபின் இரு பக்கங்களிலும் பாலத்தின் எலும்புக்கூடு தெளிவாகத் தெரிந்தது. செங்குத்தான கால்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கிடையே சாய்வுச் சட்டங்கள் ஒன்றையொன்று தாங்குகின்றன. இவை அனைத்தையும் அணைத்தவாறு, ஒரு கரையின் கற்சுவரிலிருந்து எழும்பி ஆற்றிடைத் தூணில் இறங்கி, அங்கிருந்து மீண்டும் எழும்பி மறு கரையில் சென்று ஊன்றுகிறது மரத்தாலான வளைவு. சட்டக் கட்டுமானத்தையும் வளைவையும் இவ்வாறு ஒன்றாகப் பிணைக்கும் முறைக்குத் தியோடர் பர் என்னும் அமெரிக்கர் 1817ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இம்மாவட்டத்துப் பாலங்களுள் மிகப் பெரும்பாலானவை அவர் வகுத்த முறையில் அமைந்தவையே.

"பெரிய வாப்பா, பனி விழுந்து பாலம் மூடிப் போகாமல் இருக்கத்தானே கூரை போட்டார்கள்?" என்று தம்பி மகன் கேட்டார்.

பலரும் அப்படித்தான் கருதுகிறார்கள். குதிரைகள் ஆற்றைக் கண்டு மிரளாதிருக்க என்பர் சிலர். வழிப்போக்கர் மழைக்கு ஒதுங்க என்பர் வேறு சிலர். பனியைப் பொறுத்தவரை நடைமுறை நேர்மாறாகவே இருந்தது. அந்நாட்டின் வடகிழக்கு மாநிலங்களில் பனிக்காலத்தில் மக்கள் சக்கர வண்டிகளை விட்டுச் சறுக்கு வண்டிகளில் சென்றனர். கூரைக்கடியில் பனி இல்லாத வெறும் பலகையில் சறுக்கு வண்டி நகராது. ஆகவே, ஆளை வைத்து வெளியிலிருந்து பனியை அள்ளி வந்து பாலத்தின் தளத்தில் பரப்பச் செய்தார்கள்! பனி தடையாகக் கருதப்பட்டிருந்தால் அதைச் சுமந்து கொண்டு வந்து உள்ளே கொட்டியிருப்பார்களா?

உண்மைக் காரணம் நம் கண் முன்னே இருந்தது. மரச்சட்டங்கள் ஒன்றோடொன்று சேரும் மூட்டுகளை விரலால் தடவிக் காட்டினோம். ஒரு சட்டத்தின் கழுந்து மற்றொன்றின் துளைக்குள் நுழைந்து நிற்கிறது. வெட்டிய முனை வழியாகத்தான் மரம் நீரை விரைந்து உறிஞ்சும். மூட்டுக்குள் புகுந்த நீரோ எளிதில் உலராது. கூரையற்ற மரப்பாலம் பத்து அல்லது இருபது ஆண்டுகளில் மூட்டுகள் இற்றுத் தளர்ந்து விடும். கூரையிட்ட பாலம் நூறாண்டுகளையும் கடந்து நிற்கும். பிலடெல்பியா நகரில் ஷூயில்கில் ஆற்றின் மேல் திமொத்தி பாமர் கட்டிய பெரும்பாலத்திற்கு 1805ஆம் ஆண்டில் கூரை வேய்ந்ததும் இக்காரணத்தாலேயே. அமெரிக்காவில் கூரையிட்ட பாலங்களின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆகவே, அக்கூரை பயணிக்காக எழுந்ததன்று. பயணியைச் சுமக்கும் சட்டங்களுக்காக எழுந்தது. பக்கப் பலகைகளும் மேற்கூரையும் மழையையும் வெயிலையும் தாம் ஏற்றுக் கொண்டு, நாளடைவில் உளுத்துப் போகின்றன. அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியவற்றை மாட்டுவது எளிது, செலவும் சிறிது. உள்ளேயுள்ள சட்டமோ வளைவோ கெட்டுவிட்டால் பாலமே போய்விடும். சிறியதை இழக்க ஒப்பி, பெரியதைக் காத்துக் கொண்டார்கள். பழங்காலத் தச்சர்களின் அறிவு முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது எனலாம்.

அந்தத் தச்சர்களுள் இருவரை இம்மாவட்டம் மறக்கவில்லை. ஒருவர் ஜே. ஜே. டேனியல்ஸ், மற்றவர் ஜே. ஏ. பிரிட்டன். வெஸ்ட் யூனியன் பாலத்தைக் கட்டியவர் டேனியல்ஸ். அதே ஆற்றின் மேல் அவர் 1861ஆம் ஆண்டில் கட்டிய ஜாக்சன் பாலத்தையும் கண்டோம். அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்ட ஆண்டு அது. நடுவே தூண் ஏதுமின்றி, ஏறத்தாழ 200 அடி அகலத்தை அப்பாலம் ஒரே தாவாகத் தாவி நிற்கிறது. நம் கார் அதன் மேல் ஊர்ந்து சென்றபோது தளப் பலகைகள் ஒவ்வொன்றாகக் குரல் கொடுத்தன. ஆயினும் வளைவில் அசைவு தென்படவில்லை. குதிரை வண்டிக்காகக் கட்டிய ஒன்று, கட்டியவர் கனவிலும் கண்டிராத ஊர்தியைத் தாங்கிக் கொண்டிருக்கிறது.

சற்றுக் கிழக்கே டர்க்கி ரன் பூங்காவை ஒட்டி, மணற்பாறைகள் நெருங்கி ஆற்றைக் குறுக்கும் இடத்தில், 1882ஆம் ஆண்டில் பிரிட்டன் கட்டிய நேரோஸ் பாலம் உள்ளது. அதற்கு அணித்தாக உள்ள காக்ஸ் ஃபோர்டு பாலமும் அவர் கட்டியதே. 1913ஆம் ஆண்டு இந்தியானாவில் பெருவெள்ளம் வந்தது. அவ்வெள்ளத்தில் சிதைந்த வேறொரு பாலத்தின் வளைவுகளை மீட்டெடுத்து, அவற்றைக் கொண்டே அதே ஆண்டில் இப்பாலத்தை எழுப்பினார். ஒரு பாலத்தின் சாவிலிருந்து மற்றொரு பாலம் பிறந்தது. இதை அங்கு நின்று எண்ணிப் பார்த்தபோது, மரவாடிக்காரர் மகனுக்கு மகிழ்ச்சி உண்டாகாதா? நல்ல மரத்தை வீணாக்காதவரே நல்ல தச்சர் என்பது நம் வீட்டுப் பாடம்.

பாலங்களின் நெற்றியில் ஒரு வாசகத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். 'இப்பாலத்தை நடைவேகத்தில் கடக்கவும்' என்பது அதன் பொருள். குதிரைகளோ மாட்டு மந்தையோ ஒரே தாளத்தில் ஓடினால் பாலமும் அத்தாளத்திற்கேற்ப அதிரத் தொடங்கும். அதிர்வு பெருகினால் மூட்டுகள் தளரும். ஆதலால் அந்த எச்சரிக்கை. தன்னைச் சுமப்பதன் வலிமையை அறிந்து அதற்கேற்ப நடந்து கொள்ளுமாறு பயணியைப் பாலமே கேட்டுக் கொள்வது போல் நமக்குப் பட்டது.

பிற்பகலில் தெற்கே திரும்பினோம். ராக்கூன் கிரீக் என்னும் ஆற்றின் மேல் மேன்ஸ்ஃபீல்டில் டேனியல்ஸ் 1867ஆம் ஆண்டில் கட்டிய பாலம் இன்றும் உறுதியாக இருக்கிறது. அதே ஆற்றின் கீழ்ப்புறத்தில், அதற்கு அடுத்த ஆண்டில் அவரே கட்டியது பிரிட்ஜ்டன் பாலம். பழைய மாவரைக்கும் ஆலையும் ஆற்றுக்குக் குறுக்கேயுள்ள அணையும் அருகருகே இருக்க, செந்நிறப் பலகையும் வெண்ணிற முகப்புமாகப் பாலம் காட்சியளிக்கிறது. மாவட்டத்துப் பாலங்களுள் மிகுதியாகப் படமெடுக்கப்படுவது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் நாம் கண்டது டேனியல்ஸ் கட்டிய பாலமன்று. 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் எவரோ வைத்த தீயில் அவருடைய பாலம் எரிந்து ஆற்றில் வீழ்ந்தது. 137 ஆண்டுகள் மழையை வென்ற மரத்தை நெருப்பு ஒரே இரவில் தின்றுவிட்டது. ஈரம் அண்டாமல் காத்த அதே உலர்ச்சி, நெருப்புக்கு நல்ல விறகாயிற்று. ஊரார் அழுததோடு நில்லாமல், நன்கொடை திரட்டி, மரமும் உழைப்பும் தந்து, அடுத்த ஆண்டிலேயே அதே இடத்தில் அதே வடிவில் மீண்டும் ஒரு பாலத்தை எழுப்பினார்கள்.

"அப்படியென்றால் இது 2006இல் கட்டியதுதானே, பெரிய வாப்பா? இதைப் பழைய பாலம் என்று எப்படிச் சொல்வது?" என்றார் தம்பி மகன்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பழங்காட்டின் பெருமரங்களை வெட்டி, கையால் செதுக்கிய அந்தச் சட்டங்கள் மீண்டும் வரப் போவதில்லை. டேனியல்ஸின் உளி பட்ட தடம் எதுவும் புதிய மரத்தில் இல்லை. இழப்பு இழப்புத்தான், புதியதைக் காட்டி அதை மறைக்கலாகாது. எனினும் காலையில் பார்த்த வெஸ்ட் யூனியன் பாலத்தை எண்ணிப் பார்க்குமாறு கூறினோம். அதன் கூரையும் பக்கப் பலகைகளும் தளமும் 1876ஆம் ஆண்டில் இட்டவையல்ல. மழையைத் தாங்கும் எதையும் தலைமுறைக்குத் தலைமுறை மாற்றியே ஆக வேண்டும். மாற்றுவோர் இருந்ததால் உள்ளே இருந்த பழமை பிழைத்தது. ஒரு தலைமுறை 'போகட்டும்' என்று இருந்திருந்தால், இன்று நாம் பார்ப்பதற்குக் கற்சுவர்கள் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

இதே மாவட்டத்தில் ஜெஃப்ரீஸ் ஃபோர்டு என்னும் பாலம் 2002ஆம் ஆண்டில் எரிந்தது. அது கூரைப் பாலமாக மீண்டும் எழவில்லை. பட்டியலில் ஒரு பெயராகச் சுருங்கிவிட்டது. பிரிட்ஜ்டனில் எழுந்தது. அங்கே எரியாமல் எஞ்சியிருந்தது, 'இதை விட்டுவிட மாட்டோம்' என்னும் ஊராரின் எண்ணமே. அந்த எண்ணத்திற்கு 1868ஆம் ஆண்டின் வயதைக் கொடுப்பதில் நமக்குத் தயக்கமில்லை.

ஆலையின் பக்கம் சென்று அமர்ந்தபோது பேச்சு ஊர்ப் பக்கம் திரும்பியது. அங்கே வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருந்த நேரம். நம் பாட்டனார் காலத்து வீட்டின் மாடித்தளம் முழுவதும் தேக்குத் துலாங்களின் மேல் அமைந்தது. மேற்கூரை ஓடுகள் சில இடங்களில் சரிந்துவிட்டன. கீழ்க்கட்டில் தம்பியின் மனைவி மட்டுமே வசிக்கிறார். வீட்டைப் பிரித்து மரத்தை விற்றுவிட்டுச் சிறியதாகக் காங்கிரீட்டில் கட்டிக் கொள்ளலாமா என்று பிள்ளைகள் யோசித்து வருகிறார்கள்.

"ஓடு மாற்ற நான் பணம் அனுப்பிவிடுவேன், பெரிய வாப்பா. அது பெரிய காரியம் இல்லை. வருஷா வருஷம் மேலே ஏறிப் பார்ப்பது யார்? அதைச் சொல்லுங்கள்" என்றார் அவர்.

இதற்கு நம்மிடம் ஆயத்தமான விடை இல்லை. அவர் சொன்னது மெய். பணம் கடல் கடந்து செல்லும். கண்காணிப்பு அவ்வளவு எளிதில் செல்லாது. பார்க் கவுண்டியின் பாலங்கள் நின்றது பணத்தால் மட்டுமன்று. அவை ஊர்ச் சாலைகளின் நடுவே இருந்தன. பள்ளிக்கும் ஆலைக்கும் அண்டை வீட்டுக்கும் செல்வோர் நாள்தோறும் அவற்றினூடே போய் வந்தனர். பலகை ஒன்று பெயர்ந்தால் அன்றே எவர் கண்ணிலாவது பட்டது. இரும்புப் பாலங்களும் காங்கிரீட்டுப் பாலங்களும் வந்த பின்னர்தான் பல மாவட்டங்களில் கூரைப் பாலங்கள் ஆளரவமற்றுப் போயின. அதன்பின் அழிவு விரைந்தது. இங்கோ மக்கள் அவற்றைப் பயன்பாட்டிலிருந்து முற்றிலும் விலக்கிவிடவில்லை. விலக்க நேர்ந்தவற்றுக்கும் விழா எடுத்துப் பலர் கண்ணில் படச் செய்தார்கள். 1978ஆம் ஆண்டில் இப்பாலங்கள் நாட்டின் வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டபோது, பதிவதற்கு அவை மிச்சமிருந்ததே அந்தக் கண்களால்தான்.

வீட்டைப் பற்றிய முடிவைத் தம்பி மகனிடமே விட்டோம். அவருடைய தாயாரைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம் என்பதொன்றை மட்டும் வற்புறுத்தினோம். அந்த வீட்டின் பாரத்தை இத்தனை ஆண்டுகள் தாங்கியவர் அவர்தாம். துலாத்திற்கு ஓடு எப்படியோ, அப்படி அவருக்கு யார் கூரை என்ற கேள்வியும் இதில் அடங்கியிருக்கிறது. தம்பி மகன் நெடுநேரம் ஆற்றையே பார்த்திருந்துவிட்டு, "உம்மாவிடம் பேசுகிறேன்" என்றார்.

சுமக்கின்ற ஒன்று வலிமையுள்ளது என்பதாலேயே அதைக் கவனிக்காமல் இருந்துவிடுவது உலக வழக்கம். உத்தரம் ஓலமிடுவதில்லை, உள்ளே உளுத்துக் கொண்டு வெளியே நேராகவே நிற்கும். குடும்பத்தில் பாரம் தாங்குவோரும், ஊரில் பொதுக்காரியம் சுமப்போரும் பெரும்பாலும் அவ்வாறே இருக்கிறார்கள். முறிந்த பிறகு ஓடி வந்து முட்டுக் கொடுப்பதைவிட, முறியாதிருக்க மேலே ஒரு கூரை வேய்வது செலவு குறைந்த செயல். அன்பும் நிறைந்த செயல். பெயரறியாத எத்தனையோ தச்சர்கள் இந்தச் சிறு உண்மையை மரத்தால் எழுதி ஆறுகளின் மேல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

வாசகர்களுள் எவரேனும் அப்பாலங்களைக் காணச் செல்ல நேர்ந்தால் ஒன்று செய்யுங்கள். வெளியே நின்று படமெடுத்த பிறகு, உள்ளே சென்று நடுவில் நின்று, அண்ணாந்து கூரையைப் பாருங்கள். எங்கேனும் பகல் வெளிச்சம் புள்ளியாகத் தெரிந்தால், அடுத்த மழை அவ்வழியாகத்தான் இறங்கும். வாப்பா மழைக்காலத்திற்கு முன்பு மரவாடியின் கொட்டகையை இப்படித்தான் சோதிப்பார். அமெரிக்கா வரை செல்ல இயலாதவர்களும் இந்தச் சோதனையைச் செய்யலாம். அதற்கு வெயிலுள்ள ஒரு பகற்பொழுதும், நிமிர்ந்து பார்க்கும் மனமும் போதும்.